ஒன்றேகால் லிட்டர்

சார்ட்டில் பெயர்களையும் எழுதச் சொன்னது கிருபாபாய் டீச்சர்தான். அதைப் பிறகு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. தலைமையாசிரியர் கேட்டபோது சொன்னாள், புருஷனிடம் சொன்னாள், எழுத்தில் விளக்கம் கேட்டபோது எழுத்திலும் கொடுத்தாள்.

கிருபாபாய்க்கு நாற்பத்தாறு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை இராஜபாளையத்தில், ரயில்வே லைனைத் தாண்டி இருக்கும் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில். இருபத்திரண்டு வருஷமாக எட்டேகால் பஸ்ஸில் போய் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புகிறாள். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் அறிவியல் அவளுடையது. செல்லைப் பற்றி நடத்தும்போது வெங்காயத் தோலை உரித்து, பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் வைத்து, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து முடித்த பிறகுதான் கரும்பலகைப் பக்கம் திரும்புவாள். இதயம் நடத்துகிற வாரத்தில் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வரும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே விரலை விட்டு அறைகளை எண்ணுவார்கள்.

அந்த வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்ததும் எட்டாம் வகுப்புக்குச் சுவாச மண்டலம் ஆரம்பமானது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் கால் லிட்டருக்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டு, நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் கவிழ்த்து நிறுத்தினார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ட்யூப்பின் ஒரு முனை கேனுக்குள்ளே, மறுமுனை வாயில். மூச்சை முழுக்க இழுத்து ஊதினால் காற்று கேனுக்குள் ஏறும், அந்த அளவு தண்ணீர் வெளியே போகும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அந்த ஆளின் மூச்சு. பிள்ளைகள் கன்னம் சிவக்க ஊதினார்கள். அநேகம் பேர் இரண்டைத் தொட்டார்கள், ஓரிருவர் இரண்டரையும் தாண்டினார்கள்.

யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதுகிற வேலை பாண்டிசெல்விக்கு. பதிமூன்று வயது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் ஒன்றைக் கேட்டால் விடை கிடைக்கும்வரை நகர மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வந்தவர்களையும் ஊதச் சொன்னால் என்ன என்று கேட்டது பிள்ளைகள்தான். வராந்தாவில் கேனை வைத்து, வாய் வைக்கும் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி முக்கிக் கொடுத்தார்கள். கூட்டத்தைவிட அதுதான் களைகட்டியது. நாற்பத்தொரு பேர் ஊதினார்கள்.

பாண்டிசெல்வியின் அம்மா பரிபூரணம் ஷிப்ட் முடிந்து மில் வாசலிலிருந்து நேரே வந்திருந்தாள். கார்டிங்கில் வேலை, அதாவது பஞ்சைச் சீவுகிற மிஷின்கள் ஓடும் இடத்தில். புருவத்திலும் காதோர முடியிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"யம்மா, நல்லா உள்ள இழுத்துட்டு ஊது," என்றாள் பாண்டிசெல்வி.

பரிபூரணம் ஊதினாள். தண்ணீர் ஒன்றேகால் கோட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. இருமல் வந்து ட்யூப்பை விட்டுவிட்டாள்.

"ஏட்டி, வீட்ல ஒம் புருசன் மாரிச்சாமி அண்ணன வையுறதுக்கு மட்டும் எங்கேருந்துட்டி மூச்சு வருது?" என்று கூட வேலை செய்யும் நூர்பானு கேட்க, வராந்தாவே சிரித்தது. பரிபூரணமும் கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே சிரித்தாள். அடுத்து நூர்பானு ஊதினாள். ஒன்றரை.

"ஓட்ட ட்யூப்ப வச்சிருக்கீகளா டீச்சர்?"

ட்யூப்பில் ஓட்டை இல்லை. அவளுக்கு முன்னால் ஊதிய டெய்லர் அம்மாவுக்கு இரண்டே முக்கால் வந்திருந்தது.

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே பாண்டிசெல்வி நோட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், ஊதுன வரிசையில எழுதியிருந்தேன். இப்ப வேலை வாரியா மாத்தி எழுதிப் பாத்தேன். இதப் பாருங்க."

கிருபாபாய் பார்த்தாள். தையல், கடை, வீட்டு வேலை, கட்டட வேலை என்று ஒரு பக்கம். மறுபக்கம் முழுக்க மில். மில்லிலும் பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கு மேலே. நூல் சுற்றுகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. கார்டிங்கிலும் பஞ்சுப் பொதி உடைக்கிற இடத்திலும் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் ஒன்றரையோ அதற்குக் கீழேயோ. அந்த நான்கில் கடைசியில் பரிபூரணம்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை தானாகவே இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து அவள் கையில் கொடுத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்கு உறைத்தது.

"இத அப்படியே சார்ட்டா போடு. அறிவியல் தினத்துக்கு வைப்போம்."

"பேரு போடணுமா டீச்சர்? ஆளு பேரு, செக்சன் எல்லாமா?"

"போடு. யாரு என்னன்னு இல்லாம வெறும் நம்பரா எழுதுனா எவன் நம்புவான்? ஆதாரம் வேணும்ல?"

பாண்டிசெல்வி நோட்டை மூடாமல் நின்றாள். "நூர்பானு அத்தை ஏதும் நினைப்பாகளோன்னு..."

"நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? நல்லதுக்குத்தான."

அன்று சாயங்காலம் கிருபாபாய் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு பரிபூரணத்தின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, முன்னால் தகரம் இறக்கிய அடுப்படி. புருஷன் மாரிச்சாமி ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். பரிபூரணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தாள்.

"இருமல் எம்புட்டு நாளா இருக்கு?"

"இருமல் எல்லாருக்கும் உள்ளதுதான டீச்சர். திங்கக்கிழமைன்னாதான் நெஞ்சுல அம்மிக்கல்ல வச்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை வீட்ல கெடந்து ஒடம்பு சொகங் கண்டுக்கிடுதுல்ல? புதங்கிழமைக்குச் சரியாப் போயிரும். முந்தி அப்படித்தான். இப்ப ஒரு ரெண்டு வருசமா வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்கு."

"எத்தன வருசமா அந்தச் செக்சன்?"

"கல்யாணத்துக்கு முந்தியே. பதினெட்டு இருக்கும்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கிருபாபாய் போனில் தேடித் தேடி வாசித்தாள். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்கு வரும் நோய் அது. முதலில் வாரத்தின் முதல்நாள் மட்டும் நெஞ்சு பிடிக்கும். பிறகு ஒவ்வொரு நாளாக வாரம் முழுக்கப் பரவும். ஆரம்பத்திலேயே தூசியைவிட்டு விலகிவிட்டால் சரியாகும். ரொம்ப நாள் ஆனால் ஆகாது. பரிபூரணம் எதையுமே புதிதாகச் சொல்லவில்லை, அதை எழுதியவர்கள் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல் இருந்தது. மறுநாள் அவளிடம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன், ஒருநாள் லீவு போடு என்றாள். அந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள் பரிபூரணம்.

அறிவியல் தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் சோலைராஜ், அந்த மில்லின் பெர்சனல் ஆபீசர். பள்ளியின் கழிப்பறையும் புது பெஞ்சுகளும் மில் கட்டிக்கொடுத்தவை. பரிசுகளும் வருஷா வருஷம் அவர்கள்தான். சோலைராஜ் நிதானமான மனிதர், ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து விளக்கம் கேட்டார். பாண்டிசெல்வியின் சார்ட்டுக்கு முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றார்.

"எல்லாம் நீயே அளந்ததாம்மா?"

"ஆமா சார்."

"பிரமாதம்," என்று சொல்லி, போனை எடுத்து நேராகப் பிடித்து ஒரு படம், கிட்டே போய் இன்னொரு படம் எடுத்துக்கொண்டார். முதல் பரிசு அந்தச் சார்ட்டுக்குத்தான். மேடையில் கப்பைக் கொடுத்துவிட்டு அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். கிருபாபாய் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நூர்பானு பள்ளிக்குள் வந்தாள். ஏழாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"டீச்சர், எங்களுக்கு என்ன செஞ்சு வச்சிருக்கீகன்னு தெரியுமா?"

கிருபாபாய் வெளியே வந்தாள்.

"மில்லு கேட்டுல சூப்பர்வைசர் நிக்கான். கையில போனு. போனுல உங்க சார்ட்டு. அதப் பாத்துப் பாத்துப் பேரு கூப்பிடுதான். 'நூர்பானு, ஒன்றரை லிட்டர், அந்தப் பக்கம் நில்லு'ங்கான். ரேசன் கடையில மண்ணெண்ண ஊத்துற மாதிரி. நாலு பேரையும் நிறுத்திட்டான். மூச்சு சரியா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்க, இல்லாட்டி வராதீகன்னுட்டான். எந்த டாக்டரு எழுதிக் குடுப்பான்? பத்து வருசமா எங்களுக்குத் தெரியாதா எங்க மூச்சு? தெரியாமயா வாய மூடிக்கிட்டுக் கெடந்தோம்?"

அதற்குள் தலைமையாசிரியர் ஐயாதுரை வந்துவிட்டார். நூர்பானுவை இரண்டு சமாதான வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, எட்டாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த சார்ட்டைத் தானே கழற்றிச் சுருட்டித் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"டீச்சர், நான் ரிட்டயர் ஆகப் பதினோரு மாசம் இருக்கு," என்றார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கிருபாபாய் பாண்டிசெல்வியைத் தேடினாள். மரத்தடியில் தனியாக இருந்தாள். நிறுத்தப்பட்ட நான்கு பேரில் இரண்டு பேரின் பிள்ளைகள் அதே வகுப்பு. அவர்கள் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் கேட்டேன்லா டீச்சர், பேரு போடணுமான்னு."

"கேட்ட."

"நீங்கதான போடுன்னீக."

"ஆமா பிள்ள. தப்பு என்னோடது. ஒன்னோடது இல்ல."

"அத எங்க அம்மாட்டச் சொல்லுவீகளா?"

"சொல்லுதேன். இன்னைக்கே வாரேன்."

போய்ச் சொன்னாள். பரிபூரணம் கோபப்படவில்லை. "அத விடுங்க டீச்சர். பிள்ள கப்ப வாங்கிட்டு வந்து அம்புட்டுத் தெருவுக்கும் காட்டுச்சு," என்றாள். கோபப்பட்டிருந்தால் கிருபாபாய்க்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் கிருபாபாய் மில்லுக்குப் போனாள். சோலைராஜ் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் டீச்சர். நியாயமாப் பாத்தா நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும். மூச்சு இல்லாத ஆளைத் தூசியில நிக்க வைக்கிறது பாவமில்லையா? நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் நாங்க செஞ்சிருக்கோம்."

"வேற செக்சனுக்கு மாத்தலாமே சார். பேக்கிங்குக்கு. வைத்தியம் பாக்கலாமே. அந்த நோயே இங்க வந்ததுதான."

"அப்படி யார் சொன்னா? ஒரு தண்ணி கேனா?" அவர் சிரித்தார். சிரிப்பில் கேலி இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "அவங்க எங்க ஆளுங்களும் இல்ல டீச்சர், காண்ட்ராக்ட்காரர் ஆளுங்க. நீங்க நல்ல டீச்சர்னு உங்க ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் எப்பவும் சொல்வாரு. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துங்க. டீயைக் குடிங்க, ஆறுது."

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

நான்கு பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். மூன்று பேர் வரமாட்டோம் என்றார்கள். "ஆஸ்பத்திரிச் சீட்டுல அந்த நோயின்னு ஏறிச்சுன்னா, பொறவு இந்த ஊர்ல ஒரு மில்லுலயும் சேக்க மாட்டான். நீங்க எழுதுனது போதும் டீச்சர்," என்றாள் நூர்பானு. பரிபூரணம் மட்டும் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றாள், ஒவ்வொரு முறையும் செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவசரப்படாமல் கேட்டாள். மிஷினில் ஊதவைத்து, எக்ஸ்ரே எடுத்து, பரிபூரணத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு கிருபாபாயிடம் பேசினாள்.

"நீங்க சயின்ஸ் டீச்சர், உங்ககிட்ட நேரா சொல்லலாம். மூச்சுக்குழல் எல்லாம் தடிச்சுச் சுருங்கிப் போச்சு. மருந்தால கொஞ்சம் சௌகரியம் குடுக்கலாம், பழைய நிலைமைக்குக் கொண்டுவர முடியாது. இனிமே தூசிப் பக்கமே போகக்கூடாது. சாதாரணச் சளிக் காய்ச்சல் வந்தாக்கூட உடனே கூட்டிட்டு வாங்க. அதுதான் ஆபத்து."

டாக்டர் சீட்டில் பஞ்சுத் தூசி என்று தெளிவாகவே எழுதிக் கொடுத்தாள். எந்த மில்லில் எத்தனை வருஷம் வேலை என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்றாள். பரிபூரணத்திடம் இருந்தவை மூன்று காண்ட்ராக்டர்கள் வெவ்வேறு காலத்தில் கொடுத்த மூன்று அடையாள அட்டைகள். ஒன்றில்கூட மில்லின் பெயர் இல்லை.

வெளியே வந்ததும், "என்ன சொன்னாக?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"மருந்து குடுத்திருக்காங்க. தூசியில போகக்கூடாதாம்," என்றாள் கிருபாபாய். பழைய நிலைமைக்கு வராது என்றதை அவளால் சொல்ல முடியவில்லை. நாளை சொல்லலாம் என்று நினைத்தாள்.

அந்த வாரம் ஆண்டுத் தேர்வுக்காகச் செல் பாடத்தைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தாள். பழைய செல்கள் சாவதையும் புதியவை பிறப்பதையும் சொன்னபோது, நடந்ததற்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்காத பாண்டிசெல்வி எழுந்து நின்றாள்.

"எல்லாச் செல்லும் அப்படித் திரும்ப வருமா டீச்சர்?"

"தோல்ல வரும். காயம் ஆறுதுல்ல, அப்படி."

"ஆறுன எடத்துல தழும்பு இருக்கே. அது தோலா?"

"இல்ல. தழும்பு வேற. அது எடத்த அடைச்சுக்கிடும், தோலு செய்யுற வேலையச் செய்யாது."

"நுரையீரல்ல தழும்பு விழுந்தா?"

முப்பத்தேழு பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். பொய் சொல்லக் கொஞ்ச நேரம் இருந்தது.

"அது போகாது பிள்ள," என்றாள் கிருபாபாய்.

பாண்டிசெல்வி உட்கார்ந்தாள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாளா இல்லையா என்று கிருபாபாய் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் பரிபூரணம் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பேண்டேஜ் துணி செய்யும் ஒரு சின்ன யூனிட். ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குள் நான்கு பேரின் பெயரும் சுற்றிவந்துவிட்டதால், தன் அக்கா முத்துப்பேச்சியின் ஆதார் அட்டையைக் கொடுத்துச் சேர்ந்தாள். துணியை வெட்டி உருளையாகச் சுற்றுகிற வேலை. வெளித்தூசி உள்ளே வந்து துணியில் படக்கூடாது என்று ஜன்னல்களை மூடியே வைத்திருப்பார்கள். உள்தூசி உள்ளேயே சுற்றும். வீட்டில் இருக்கச் சொல்லி மாரிச்சாமி சண்டை போட்டான். வீட்டில் இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்டாளாம். கிருபாபாய்க்கு இது எதுவுமே தெரியாது. வீட்டுக்குப் போனபோதெல்லாம் மருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன, பரிபூரணம் அவற்றை எடுத்துக் காட்டினாள்.

ஏப்ரல் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சலோடேயே வேலைக்குப் போனாள். நான்காம் நாள் காலை பதினொன்றரைக்கு, சுற்றிக்கொண்டிருந்த துணியின் மேலேயே சாய்ந்தாள். கூட இருந்த பெண்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

பேர் கேட்டார்கள். கூட வந்தவர்களுக்குத் தெரிந்த பேரைச் சொன்னார்கள், முத்துப்பேச்சி. அப்படியே பதிவானது.

அங்கே தற்செயலாக மருந்து வாங்க வந்திருந்த நூர்பானுதான் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டாள். கிருபாபாய்க்குப் போன் செய்தவளும் அவள்தான். "டீச்சர், பரிபூரணம் போயிட்டா. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

பள்ளியில் அன்று சமூக அறிவியல் தேர்வு. கிருபாபாய்தான் ஹாலில் மேற்பார்வை. வராந்தாவில் ஐயாதுரையிடம் சொன்னாள்.

"இன்னும் அரை மணி நேரந்தான டீச்சர். எழுதி முடிக்கட்டும். பாவம், பரீட்சை வீணாப் போயிரும்," என்றார் அவர்.

கிருபாபாய் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் பாண்டிசெல்வியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

"அம்மாவா?"

"ஆமா."

பாண்டிசெல்வி பேனாவை மூடினாள். விடைத்தாள்களை வரிசை பார்த்து அடுக்கி, நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, டீச்சர் கையில் கொடுத்தாள். அழுகை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை.

பேரை மாற்றி வாங்க மூன்று மணி நேரம் ஆனது. மாரிச்சாமி ஆலங்குளத்திலிருந்து லாரியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான், முகமெல்லாம் சுண்ணாம்பு. பரிபூரணத்தின் அக்கா முத்துப்பேச்சியைக் கூட்டிவந்து, "இவதான் முத்துப்பேச்சி, இவ உசுரோட இருக்கா, அங்க கெடக்கது எம்பொண்டாட்டி," என்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு போனான். முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். யூனிட்டில் கேட்டதற்கு, பரிபூரணம் என்று யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லையே என்றார்கள். மில்லில் கேட்டதற்கும் அதே பதில்.

கிருபாபாயின் புருஷன் எட்வின் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவள் சொல்லச் சொல்ல அவன்தான் நஷ்டஈட்டு மனுவை அடித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, மூன்று அட்டைகள், நாற்பத்தொரு பேரின் அளவு எழுதிய நோட்டு, அவளுடைய சாட்சி. சார்ட்டைப் பற்றிய இடம் வந்ததும் எட்வின் நிறுத்தினான்.

"இந்த வரி வேண்டாம். ஒன்னையே நீ மாட்டி வைக்கிற மாதிரி இருக்கு."

"நடந்தத அடிங்க," என்றாள்.

மனுவுக்குப் பரிபூரணத்தின் புருஷன் கையெழுத்து வேண்டும். மே மாதம் மாரிச்சாமி மகளைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்கே போய்விட்டான். எட்டாம் வகுப்பு முடிந்துவிட்டதால் பள்ளியில் மாற்றுச் சான்றிதழும் வாங்கிப் போயிருந்தான். ஒரு சனிக்கிழமை கிருபாபாய் பஸ் மாறி அங்கே போனாள். ரோட்டோர வேப்பமரங்களின் இலையெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. லாரிகள் போகும்போது வீடுகளின் கதவுகள் அதிர்ந்தன. பாண்டிசெல்விதான் கதவைத் திறந்தாள். ஒரு மாதத்தில் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தாள்.

மாரிச்சாமி காகிதங்களை முழுக்கக் கேட்டான், கிருபாபாய் வாசித்துக் காட்டினாள். தன் தப்பை எழுதியிருந்த பாராவையும் வாசித்தாள். அவன் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாக நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

"இதனால எதும் நடக்குமா டீச்சர்?"

"தெரியல அண்ணே. குடுக்காம இருக்க முடியல."

"சாப்டுட்டுப் போங்க," என்றான்.

பாண்டிசெல்வி தட்டு வைத்துச் சோறு போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். உப்பு கூடுதலாக இருந்தது. கிருபாபாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதற்குப் பிள்ளை பதில் சொன்னது. புத்தகம் வந்துவிட்டதா என்றதற்கு, ஸ்கூல் திறந்ததும் தருவார்கள் என்றது. கை கழுவத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்தபோது, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"டீச்சர், இனிமே இங்க வராதீக. நீங்க வாரீகன்னு தெரிஞ்சதும் அப்பா நேத்து பூரா சாப்பிடல. எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. கோவமெல்லாம் இல்ல."

"சரி பிள்ள," என்றாள் கிருபாபாய். "லெட்டர் எழுதிப் போடலாமா?"

பாண்டிசெல்வி யோசித்தாள். "இப்ப வேண்டாம்," என்றாள்.

தொழிலாளர் நல ஆபீசில் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. மில், அப்படி ஒரு தொழிலாளி எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் கொடுத்தது. விசாரணை மூன்று முறை தள்ளிப்போனது. சாட்சி சொல்ல வேண்டிய நூர்பானு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பள்ளி நிர்வாகம் விளக்கம் கேட்டு கிருபாபாய்க்கு மெமோ கொடுத்தது, அவள் இரண்டு பக்கம் பதில் எழுதினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் தனியாகப் போய் உட்கார்ந்து, அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு திரும்பினாள். அந்தத் தேதிகளை ஆலங்குளத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டிய பொறுப்பு ஆபீசுடையது. அவள் அனுப்பவில்லை, போகவும் இல்லை.